படம் முந்தியது, குரல் பிந்தியது

ஜொகூர் மாநிலத்துச் சாஆவில் கேமராவை வைத்துவிட்டுப் பேச உட்காருகிறவர்களுக்கு லோரிதான் முதல் எதிரி. யோங் பெங்கிலிருந்து லாபிஸ், சிகாமட் போகும் பழைய கூட்டரசுச் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று கியர் மாற்றினால் போதும், அந்த நேரத்தில் சொன்ன வாக்கியம் அதோடு போய்விடும். லோரி போனால் மோட்டார் சைக்கிள், அது ஓய்ந்தால் சேவல், சேவலும் அடங்கினால் பிற்பகல் மழை. தகரக் கூரைமேல் ஜொகூர் மழை இறங்கும்போது வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்வதே கத்தித்தான்.

இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் நம் பிள்ளைகள் சமையல், கோயில் விசேஷம், குறுநாடகம், மீன்பிடிப்பு, தோட்டத்துப் பழங்கதை என்று காணொளி எடுத்து யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் ஏற்றுகிறார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் வந்ததையும் இன்று வருவதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எல்லோரும் முதலில் சொல்வது, படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்றுதான். எனக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. போன் கம்பெனிகள் வருடா வருடம் லென்ஸை மாற்றின, படம் தானாகத் தேறியது. சத்தம் அப்படித் தானாகத் தேறவில்லை. அதற்கு ஆள் மெனக்கெட வேண்டியிருந்தது. இருந்த இடத்தை விட்டு எழுந்து மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டத்தில் வீடியோ என்றால் கல்யாண வீடியோதான். வீடியோக்காரர் தோளில் கனத்த விஎச்எஸ் கேமரா இருக்கும். பக்கத்தில் ஒரு பையன் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். அந்த வெளிச்சம் முகத்தில் பட்டதும் பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். பழைய நாடாக்களில் நம் தாத்தா பாட்டிமார் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். விஎச்எஸ்ஸில் படத்தின் நுணுக்கம் சுமார் 240 கோடுகள். பிறகு விசிடி வந்தபோது 352க்கு 288 புள்ளிகள். இன்றைய போன் திரையில் அதை ஓட்டினால் சிறு கட்டங்களாக உடைந்து தெரியும். ஆனாலும் யார் யார் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அத்தை இங்கே, சின்ன மாமா அங்கே, தாலி கட்டும்போது பின்னால் நிற்பது பக்கத்து லயத்துப் பெரியம்மா.

அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைத்தான் கேட்க முடியாது. பந்தியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் கிழவர்களின் வாய் அசையும், அதன்மேல் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு ஓடும். கேமராவோடு ஒட்டியிருந்த மைக்கில் பதிந்தது வெறும் இரைச்சலாக இருந்ததால், வீடியோக்காரர் அதை அழித்துவிட்டு அந்த வருடம் ஹிட்டான பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். வீட்டாரும் அதைத்தான் விரும்பினார்கள். பால்மரம் வெட்டிய கடைசித் தலைமுறையின் பேச்சு, அவர்கள் பேசிய அதே தொனியில், நூற்றுக்கணக்கான நாடாக்களில் பதிந்திருக்க வேண்டியது. பாட்டுக்கு அடியில் அது போய்விட்டது. மிச்சமிருந்த நாடாக்களை நம் நாட்டு ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்தது. இந்த இழப்பு எனக்கு இன்னமும் ஆறவில்லை. பிறகு வந்த இணையக் காணொளிகளை நான் கண்ணைவிடக் காதால் எடைபோடுவதற்கு அதுதான் காரணம்.

யூடியூப் 2005இல் தொடங்கியது. ஆரம்பத்தில் அதில் படம் ஓடிய அளவு 320க்கு 240. கோப்பு 100 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. 2006இலிருந்து பத்து நிமிடத்துக்கு மேலும் போகக்கூடாது. வீட்டில் ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றை இணைப்பு இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏற்றும் வேகம் நொடிக்கு 384 கிலோபிட் என்று வைத்துக்கொண்டாலும் அந்த 100 மெகாபைட் ஏறி முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் இடி இடித்து லைன் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால் அந்தக் காலத்துக் குறும்படங்கள் 'பாகம் 1', 'பாகம் 2' என்று துண்டு துண்டாக வந்தன. மோடம் விளக்கு மின்னுவதையே பார்த்துக்கொண்டு பையன்கள் இராத்திரி விழித்திருந்தார்கள்.

அவர்கள் எடுத்தது பெரும்பாலும் டிஜிட்டல் ஸ்டில் கேமராவில் இருந்த வீடியோ வசதியில், அல்லது 3ஜிபி (3GP) கோப்பாகப் பதியும் கைத்தொலைபேசியில். வெட்டி ஒட்டியது விண்டோஸ் மூவி மேக்கரில். நாயகன் இருபதடி தள்ளி நின்று வசனம் பேசுவான், மைக் கேமராவுக்குள் இருக்கும். கேமராவைப் பிடித்திருப்பவன் மூச்சு விடுவது நாயகனின் குரலைவிடத் தெளிவாகக் கேட்கும். இதை மறைக்க அவர்களும் வீடியோக்காரர் செய்ததையே செய்தார்கள், சினிமாப் பின்னணி இசையை முழுதாகப் போட்டு மூடினார்கள். அந்தப் படங்களில் ஆசைக்குக் குறைச்சல் இல்லை. 2005இல் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' திரைப்படம் ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையைத் தமிழில் எடுத்துக் காட்டியதும், நம் கதையை நாமே எடுக்கலாம் என்ற தைரியம் பலருக்கு வந்திருந்தது. வசனம்தான் காதில் விழவில்லை.

பாட்டுப் போட்டு மூடும் பழக்கத்தை உடைத்தது, யாரும் எதிர்பாராத ஒரு விஷயம். யூடியூப் 2007இல் கண்டென்ட் ஐடி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஏற்றும் ஒவ்வொரு காணொளியின் ஒலியையும் படத்தையும் உரிமையாளர்கள் கொடுத்துவைத்திருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் பிடித்துவிடும். தமிழ்ப் பாட்டுக் கம்பெனிகள் அதற்குள் வர வர, நம் பிள்ளைகளின் காணொளிகள் சத்தம் நிறுத்தப்பட்டும், வருமானம் பாட்டுக்காரர்களுக்குப் போயும் திண்டாடின. அப்போது எல்லோரும் திட்டினார்கள். திரும்பிப் பார்க்கையில் அது நமக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. பாட்டை எடுத்தால் அடியில் இருப்பது வெளியே தெரியும். அடியில் இருந்தது சகிக்க முடியாததாக இருந்ததால், அதைச் சரிசெய்வது எப்படி என்று முதன்முதலாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

படத்தின் பக்கம் இந்தக் கவலை இல்லாமலே வேலை நடந்துகொண்டிருந்தது. கேனன் 5டி மார்க் 2, 2008இல் வந்தது. 2010இல் வந்த 550டி, சிகாமட், குளுவாங் பக்கத்துக் கல்யாணப் படப்பிடிப்பாளர்கள் எட்டிப் பிடிக்கும் விலையில் முழு எச்டி வீடியோ தந்தது. பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் அந்த அழகில் எல்லோரும் மயங்கினார்கள். அதே 2010இல் ஐபோன் 4, 720பி எடுத்தது. சில வருடத்தில் சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்கே அது பெரிய காரியமாக இல்லாமல் போனது. இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்தால் கிடைத்தது.

சத்தத்தின் கதை வேறு. கோயில் திருவிழாவில் உறுமி மேளத்தைப் போனில் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேளம் அதிரும்போது பதிவில் கரகரவென்று கிழிந்த சத்தம் வரும். மேளம் சட்டென்று நிற்கும், சாமி வந்தவர் ஏதோ சொல்வார். அந்த இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் மெல்ல எழும்பி, இரண்டு நொடி கழித்துத்தான் குரல் மேலே வரும். சொன்னதில் முதல் பாதி போயிருக்கும். போன் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைப்பதால் வரும் வினை இது. பெரிய சத்தம் வந்தால் எல்லாவற்றையும் கீழே இறக்கும். அமைதி வந்தால் எதையாவது கேட்டாக வேண்டும் என்று எல்லாவற்றையும் மேலே தூக்கும், அமைதியில் கிடந்த இரைச்சலும் கூடவே எழுந்துவிடும். ஆரம்பக் காலத்து எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றிலும் இதே கதைதான். படம் சினிமா மாதிரி இருக்கும், சத்தம் பொதுத் தொலைபேசி மாதிரி இருக்கும்.

இன்று எங்கள் பக்கத்தில் மேளம் எடுக்கிறவர்கள் தனியாக ஒரு கைப்பதிவுக் கருவி வைத்திருக்கிறார்கள். தானியங்கி அளவை நிறுத்திவிட்டு, மேளக்காரர்கள் ஒத்திகை பார்க்கும்போதே உச்ச சத்தத்துக்கு அளவை வைத்துக்கொள்கிறார்கள். ஒலியளவு காட்டும் மானி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆட வேண்டும், பூச்சியத்தைத் தொட்டால் கிழியும். கருவியை மேளத்துக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில், நாலைந்து அடி தள்ளி வைக்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் வைப்பதே இல்லை, ஏனென்றால் அதில் வருவது ஏற்கனவே ஒரு முறை கெட்டுப்போன சத்தம். படத்தோடு ஒலியைப் பொருத்துவதற்கு ஆரம்பத்தில் ஒருவர் கேமரா முன் கை தட்டுகிறார். கை சேரும் படமும் 'டப்' என்ற ஒலியும் ஒரே கோட்டில் வந்தால் முடிந்தது. சினிமாக்காரர்களின் கிளாப் பலகை செய்யும் வேலையும் அதுதான்.

இந்த அறிவு ஊருக்குள் பரவலாக வந்தது நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். 2020 மார்ச் 18ஆம் தேதி நாடே வீட்டுக்குள் போனது. பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு, பவித்ரா தம்பதி அந்த வருட ஆரம்பத்தில்தான் சமையல் காணொளி போடத் தொடங்கியிருந்தார்கள். எளிய அடுக்களை, கையிலிருந்த போன், பவித்ராவின் நல்ல மலாய். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையிலேயே அவர்களைக் குறிப்பிட்டார். தோட்டப்புறத்துக் குடும்பம் ஒன்று விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு தூரம் போனதைப் பார்த்துவிட்டு, நாமும் எடுக்கலாம் என்று எழுந்தவர்கள் ஏராளம். எழுந்தவர்களில் பலருக்கு இரண்டாவது வாரமே ஒன்று புரிந்தது. பார்க்கிறவர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள், பேச்சு விளங்காவிட்டால் அரை நிமிடத்தில் போய்விடுகிறார்கள்.

அதே காலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் வீட்டிலிருந்து பாடம் எடுத்துப் பதிவுசெய்து அனுப்பினார்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். வெறும் சிமெண்டுச் சுவரும் ஓட்டுத் தரையும் உள்ள அறையில், போனை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு ஆசிரியை 'மழை', 'பள்ளி', 'பல்லி' என்று சொல்லிக் கொடுக்கிறார். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எழுத்துகளின் ஓரங்களை மழுக்கிவிடுகிறது. வாட்ஸ்அப் அதை இன்னும் சுருக்குகிறது. அந்தப் பக்கம், அப்பாவின் பழைய போனில் முதலாம் ஆண்டுப் பிள்ளை கேட்கிறது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாடு வழியிலேயே கரைந்துபோனால் பிள்ளை எதைத் திருப்பிச் சொல்லும்? அந்த மாதங்களில் கம்பி மைக் ஒன்றை வாங்கிச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு பாடம் எடுத்த ஆசிரியைகளுக்கு நாம் பெரிய கடன்பட்டிருக்கிறோம்.

அந்தக் கம்பி மைக்தான் சிற்றூர்க் காணொளிகளின் முதல் பெரிய திருப்பம். போயா போன்ற கம்பெனிகளின் சட்டை மைக் நூறு வெள்ளிக்குள் கிடைத்தது, ஆறு மீட்டர் கம்பியோடு. செய்யும் வேலை ஒன்றே ஒன்று, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது. தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் வலுக்கும். இரண்டு மீட்டரில் இருந்ததை இருபது சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 20 டெசிபல். லோரிச் சத்தம் அங்கேயேதான் இருக்கிறது, மின்விசிறியும் அங்கேயேதான் சுற்றுகிறது, குரல் மட்டும் அவற்றுக்கு மேலே ஏறி நின்றுவிடுகிறது. இரண்டாயிரம் வெள்ளிக் கேமரா செய்யாததை எண்பது வெள்ளி மைக் செய்தது. பிறகு 2019இலிருந்து கம்பியில்லாச் சிறு மைக்குகள் வரத் தொடங்கி, இப்போது ஷாப்பியில் மலிவாகவே கிடைக்கின்றன. மலிவு விலையிலும் தேறுவது உண்டு. வாங்கும் முன் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பார்த்துக்கொள்வது நல்லது, நேர்காணல் நடுவில் அதுதான் காலை வாரும்.

ஒரு நேர்காணல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழங்கதை பதிவு செய்யும் இரண்டு இளைஞர்கள், எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியின் வீட்டுக்குக் காலை எட்டு மணிக்கே போனார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும், வெயில் ஏறினால் மின்விசிறி இல்லாமல் பாட்டியால் உட்கார முடியாது. அதனால் அந்த நேரம். "பாட்டி, ஒரு அரை மணி நேரம் ஃபேன நிறுத்திக்கிறோம், புழுக்கமா இருந்தா சொல்லுங்க" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சையும் அணைத்தார்கள். அணைத்த பையன் தன் மோட்டார் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்தான். திரும்பிப் போகும்போது சாவியைத் தேடுவான், பெட்டியைப் போட மறக்க மாட்டான் என்பது கணக்கு. பாட்டிக்குப் பின்னால் வெறும் சுவர் இருந்தது. நாற்காலியை இழுத்து, துணி தொங்கும் கொடிக்கு முன்னால் போட்டார்கள். எதிர்ச் சுவரிலும் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். கேமராவில் அது தெரியாது, எதிரொலியை அது குடித்துவிடும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்கள். பாட்டியின் முகத்துக்கு நேரே விளக்கு எதையும் பிடிக்கவில்லை.

மைக்கைக் குத்தப் போனபோது பாட்டி, "இது சுடுமா ஐயா?" என்றார். "சுடாது பாட்டி, இது உங்க பேச்ச மட்டும்தான் எடுக்கும்" என்று பெரியவன் சொன்னான். தாலிச் சங்கிலி உரசும் என்று மைக்கை ஒரு விரல்கடை தள்ளிக் குத்தினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுச் சத்த அளவைச் சரிபார்த்தான். பதில் சொல்லும்போது பாட்டி சிரித்தார், சிரிப்பில் மானி மேலே போனது. அளவைக் கொஞ்சம் இறக்கினான். அதன் பிறகுதான் கேமராவைத் தொட்டார்கள். பால் எடுக்கப் போகும் விடியற்காலை இருட்டு, தலையில் கட்டிய விளக்கு, கங்காணியின் அதட்டல் என்று பாட்டி சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் கேட்க முடிகிறது. நடுவில் சொல் கிடைக்காமல் அவர் நிறுத்தும் இடங்களும் அப்படியே இருக்கின்றன. கல்யாண வீடியோவில் பாட்டுக்கு அடியில் போன அதே தலைமுறைக் குரல்.

வெளிச்சத்திலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இன்னும் போனைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரவில் மண்டபத்தில் எடுத்த காணொளியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னுகிறது. போன் நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழும். கேமரா ஆப்பில் ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்து, நொடிக்கு 25 படம் என்று எடுத்தால் போய்விடும். பழைய வீடியோக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நம் நாட்டு வீடியோவின் பால் (PAL) முறையே 25 படம்தான்.

பேச்சு மட்டும் போதும் என்கிறவர்களுக்கு ஊரில் ஒரு நல்ல ஸ்டூடியோ இலவசமாக இருக்கிறது, அவரவர் கார். மெத்தை இருக்கை, கூரையில் துணி, நாலு பக்கமும் சரிவான கண்ணாடி. செம்பனைத் தோட்டத்துக்குள் நிழலாக ஒதுக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசினால் வானொலி நிலையத்தின் தரத்துக்கு அருகில் வரும். மின்னல் எஃப்எம் கேட்டு வளர்ந்த சமூகம் நாம். அறிவிப்பாளர்களின் உச்சரிப்பும், வானொலி நாடகத்தில் கதவு திறக்கும் ஒலியும் நம் காதுக்கு ஒரு தரத்தைப் பழக்கியிருக்கின்றன. அந்தத் தரத்தை இணையத்தில் எதிர்பார்ப்பது அதிகம் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து கற்றுக்கொள்ள ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் ஒரு குடும்பம் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சேனல் அது. கண்ணை மூடிக்கொண்டு அதில் ஒரு காணொளியைக் கேட்டுப் பாருங்கள். வெங்காயம் நறுக்குவது, அம்மியில் மசாலா அரைபடுவது, எண்ணெயில் கடுகு வெடிப்பது, ஒவ்வொன்றும் அதற்குரிய கனத்தோடு கேட்கிறது. இசையைப் போட்டு அதை மூடவில்லை. தமிழே தெரியாதவர்களும் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். சம்பல் இடிக்கும் உரல், ரொட்டி சானாய் மாவு மேசையில் அறையும் சத்தம், தே தாரிக் இழுக்கும் ஒலி என்று நம்மிடமும் எவ்வளவோ இருக்கின்றன. இதையெல்லாம் இன்னும் பல சேனல்கள் இலவச நூலகத்துப் பியானோ இசைக்கு அடியில் புதைத்துக்கொண்டிருக்கின்றன.

கருவி மலிந்ததால் வந்த புதுக் கேடுகளும் உண்டு. தொடக்க இசையை மட்டும் காது கிழிய வைத்துவிட்டுப் பேச்சைத் தாழ வைக்கிறார்கள். ஒட்டுமொத்தச் சத்தம் மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலி உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை மீறினால் யூடியூப் அதைக் குறைத்துவிடுகிறது, தாழ்ந்திருப்பதை உயர்த்துவதில்லை. ஆகவே அலறும் காணொளியில் பேச்சு மேலும் அமுங்குகிறது. இரைச்சலை நீக்கும் செயற்கை நுண்ணறிவு ஆப்புகள் இன்னொன்று. அளவாகத் தொட்டால் உதவும். முழுதாகத் திருகினால் பெரியவர்களின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. அவர்கள் தொண்டையின் கரகரப்பையும் மூச்சு வாங்குவதையும் இரைச்சல் என்று எண்ணி அந்த ஆப் துடைத்துவிடுகிறது. கோயில் வரலாற்றை எந்திரக் குரலில் படிக்கவைப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதே கோயிலில் முப்பது வருடம் பூசை பார்த்தவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், அவரிடம் போய் மைக்கைக் குத்துங்கள்.

கோயில் நேரலைகள் தேறியிருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. 2021 தைப்பூசத்தில் வழக்கமான கூட்டமும் இல்லை, காவடியும் இல்லை. பக்தர்கள் வீட்டிலிருந்தே போனில் பூசை பார்த்தார்கள். ஆரம்பத்தில் யாரோ ஒருவர் கையில் பிடித்த போன், அதில் மணியோசை மட்டும். பிறகு ஒலிபெருக்கிக் கலவைப் பெட்டியிலிருந்து நேராக ஒரு கம்பியை இழுத்து நேரலைக்குக் கொடுத்தார்கள். குருக்களின் மந்திரம் தனியாக, நாதஸ்வரம் தனியாகக் கேட்டது. முடங்கிக் கிடந்த முதியவர்கள் பலர் இன்றும் அப்படித்தான் கும்பிடுகிறார்கள். திருவிழா முடிந்ததும் அந்தக் கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடாத கோயில்கள் வாழ்க.

வெள்ளத்தையும் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட் மாவட்டம் மூழ்கியபோது, நம் ஆட்கள் எடுத்த காட்சிகள் விரல் நகம் அளவுக் கட்டங்களாக இருந்தன. எங்கே, எந்த நாள் என்று கண்டுபிடிக்க முடியாது. 2023 மார்ச் வெள்ளத்தில் சாஆ, யோங் பெங், லாபிஸ் பக்கத்துக் காட்சிகள் கண்ணாடி போலத் தெளிவு. அவற்றிலும் பாதி, காற்று மைக்கில் மோதும் 'புர்ர்' சத்தத்தோடும் சோகப் பாட்டோடும் வந்தன. மற்ற பாதியில், எடுத்தவர் போனைத் தன் உடம்பால் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, இன்ன தேதி, இன்ன நேரம், இந்தக் கடை முன்னால் நிற்கிறேன், தண்ணீர் இந்தப் படி வரைக்கும் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் வெளியூரில் இருந்த பிள்ளைகள் அம்மா வீட்டுக்கு வழி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டார்கள். இன்னும் இருபது வருடம் கழித்து அந்தப் படியின் உயரத்தைத் தேடுகிறவருக்கும் அந்தப் பதிவு பேசும்.

அந்தப் பதிவு அப்போது இருக்க வேண்டுமே. 2007இல் எத்தனையோ வீடுகளில் கல்யாண நாடாக்கள் ஆல்பங்களோடு சேற்றில் போயின. இன்று பலர் எடுத்ததை யூடியூபில் ஏற்றிவிட்டு, போனில் இடம் வேண்டுமென்று மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். யூடியூபில் இருப்பது சுருக்கப்பட்ட நகல், வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதற்கும் நகல். பாட்டியைப் பதிவு செய்த அந்த இரண்டு பையன்களும் மூலக் கோப்பையும் தனி ஒலிக் கோப்பையும் இரண்டு வன்தட்டில் போட்டு, மேலே தோட்டத்தின் பெயர், பாட்டியின் பெயர், தேதி எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று சாஆவில் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மற்றது கூலாயில், தண்ணீர் ஏறாத மேட்டில், அக்காள் வீட்டில்.